திரூர் நெல்லும் தொழிலாளர் சோறும்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரவு முறை வேலை முடித்து, தூக்குச்சட்டியுடன் வீடு திரும்புகிற தொழிலாளத் தோழர், போகிற வழியில் அரிசியைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்கிறார். நியாயவிலைக் கடைக்கு அரிசி வந்துவிட்டதா? எடை சரியாகப் போடுகிறார்களா? மளிகைக் கடையில் கிலோ என்ன விலை? நாலாவது கேள்வி ஒன்று உண்டு. அதை அவர் கேட்பதில்லை. கேட்க அவருக்கு நேரமும் இல்லை. இந்த அரிசி எந்த நெல்லின் அரிசி? அந்த நெல்லுக்குத் தாய் யார், தந்தை யார்? நாளைக்கு ஒரு பூச்சியோ நோயோ கிளம்பினால், இந்த நெல் தாங்குமா, சாயுமா?

அவர் கேட்காத கேள்வியை நாம் கேட்கிறோம். சோற்றுப் பிரச்சினை விலைப் பிரச்சினை மட்டுமல்ல, விதைப் பிரச்சினையும் ஆகும் என்பதால் கேட்கிறோம்.

இந்தக் கேள்விக்கு விடை தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் ரயிலில் ஏறி, செவ்வாப்பேட்டையில் இறங்கினால் போதும். அந்தப் பகுதியில்தான் திரூர் இருக்கிறது. அங்கே ஒரு நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்துத் தோழர்களிலேயே பலருக்கு அதன் பெயர் தெரியாது. ஆனால் உலகத்து நெல் விஞ்ஞானிகளுக்கு ‘டி.கே.எம்.’ என்ற மூன்றெழுத்து நன்றாகத் தெரியும். திரூர்க்குப்பம் என்பதன் சுருக்கமே அந்த மூன்றெழுத்து.

1952-ல் அந்த நிலையம் ‘டி.கே.எம். 6’ என்றொரு நெல்லை வெளியிட்டது. அதன் பெற்றோர் இருவர்: ஒன்று ஜி.ஈ.பி. 24, மற்றொன்று கோ 18. ஜி.ஈ.பி. 24 என்றால் புரியாது. கிச்சிலிச் சம்பா என்றால் நம் பாட்டிமார்களுக்குப் புரியும். கோனாமணி என்ற நாட்டு நெல்லில் இயற்கையாகத் தோன்றிய ஒரு மாற்றத்தைக் கோயமுத்தூர் நெல் ஆராய்ச்சியாளர்கள் கண்டெடுத்து, 1921-ல் உழவரிடம் தந்த நெல் அது. ஆக, பெயர் தெரியாத எத்தனையோ தலைமுறை உழவர்கள் காத்து வந்த நெல், கோவையில் தேர்ந்தெடுக்கப்பட்டு, திரூரில் இன்னொன்றோடு சேர்ந்து, டி.கே.எம். 6 ஆயிற்று.

அப்புறம் நடந்ததுதான் செய்தி. பிலிப்பைன்ஸ் நாட்டில் லாஸ் பானோஸ் என்ற ஊரில், 1960-ல் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. 1966-ல் அது ஐ.ஆர். 8 என்ற குட்டை நெல்லைத் தந்தது. மகசூல் அள்ளிக் கொடுத்தது. நம் தமிழ்நாட்டில் ஓர் உழவர் தம் பிள்ளைக்கே அந்த நெல்லின் பெயரை வைத்தார் என்றால், அது தந்த மகிழ்ச்சியை அளந்து கொள்ளலாம். ஆனால் ஐ.ஆர். 8-க்கு ஒரு குறை: பூச்சிக்கும் நோய்க்கும் அது எளிதில் இரையாயிற்று. குருத்துப் பூச்சியையும் இலைக்கருகல் நோயையும் தாங்கக் கூடிய நெல் எங்கே என்று உலகெங்கும் தேடினார்கள். தேடியவர்கள் கையில் கிடைத்த நெல்களில் ஒன்று, நம் திரூர் டி.கே.எம். 6.

அதைச் சேர்த்து உருவாக்கி, 1969-ல் வெளியிட்டதே ஐ.ஆர். 20. நம் நாட்டில் எத்தனை லட்சம் வீடுகளில் அந்த அரிசி உலையேறியது என்பதை வயதில் மூத்த தோழர்களைக் கேட்டால் சொல்வார்கள். இலைக்கருகலைத் தடுக்கும் எக்ஸ்.ஏ. 4 என்ற மரபணுவை டி.கே.எம். 6 வழியாகத்தான் உலகத்து நெல் வயல்கள் பெற்றன. 1976-ல் வந்து, 1980களில் உலகில் ஒரு கோடி எக்டேருக்கு மேல் பயிரான ஐ.ஆர். 36-இன் குலவழியிலும் திரூர் நெல் இருக்கிறது. செவ்வாப்பேட்டையை ஒட்டிய வயலில் பிறந்த நெல், ஆசியக் கண்டத்தின் பசியைத் தணிப்பதில் பங்கு பெற்றது. இதற்கு மணிமண்டபம் உண்டா? சிலை உண்டா? பாடப் புத்தகத்தில் ஒரு பக்கமாவது உண்டா?

பெருமை பேசி முடித்துவிட்டுப் போக இதை எழுதவில்லை. இதே குடும்பத்தில் நேர்ந்த ஒரு தோல்வியையும் சொல்ல வேண்டும். சொன்னால்தான் பாடம் விளங்கும்.

1973-ல் ஐ.ஆர். 26 என்ற நெல் வந்தது. அதுவும் டி.கே.எம். 6-இன் பிள்ளைதான். புகையான் பூச்சியைத் தாங்கும் நெல் என்று கொண்டாடினார்கள். பிலிப்பைன்சிலும் இந்தோனேசியாவிலும் பெரும் பரப்பில் அதையே விதைத்தார்கள். இரண்டு மூன்று ஆண்டுகள்தான் போயின. புகையான் தன் வகையை மாற்றிக் கொண்டு திரும்பி வந்தது, வயல்கள் தீய்ந்தன. காரணம் என்ன? அந்த நெல்லின் காவல் முழுவதும் ஒரே ஒரு மரபணுவை நம்பி இருந்தது. ஆயிரம் வீடுகளுக்கு ஒரே மாதிரிப் பூட்டுப் போட்டால், ஒரு கள்ளச் சாவி போதாதா அத்தனை வீட்டையும் திறக்க?

நெல்லுக்கு மட்டும் நேர்ந்த கதை அல்ல இது. 1970-ல் அமெரிக்க நாட்டு மக்காச்சோளத்தில் பெரும்பாலானவை ஒரே வகைத் தாய்வழியைக் கொண்டிருந்தன. இலைக்கருகல் பூஞ்சை ஒன்று வந்தது. ஒரே பருவத்தில் நாட்டின் விளைச்சலில் ஏறத்தாழ 15 விழுக்காடு போயிற்று. செல்வத்திலும் விஞ்ஞானத்திலும் கொழித்த நாட்டுக்கே அந்தக் கதி!

கோதுமையைப் பாருங்கள். கோதுமை நமக்கென்ன என்று கேட்கலாகாது. கும்மிடிப்பூண்டி ஆலைகளில் நம்மோடு தோளுக்குத் தோள் நிற்கும் பீகார், உத்தரப் பிரதேசத் தோழர்களின் தட்டில் இருப்பது கோதுமை ரொட்டி. நம் தேநீர்க் கடைப் பரோட்டாவும் கோதுமைதான். 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைக் கோதுமை விதை கப்பலேறி இந்தியாவுக்கு வந்தது. அதற்குக் குட்டைத்தன்மை வந்தது ‘நோரின் 10’ என்ற ஜப்பானியக் கோதுமையிலிருந்து. விளைச்சல் பெருகியது, உண்மை. ஆனால் 1990களின் நடுவில் வெளியான பி.பி.டபிள்யூ. 343 என்ற ஒரே ரகம் பஞ்சாபிலும் அண்டை மாநிலங்களிலும் வயல்களைப் பெரும்பாலும் மூடிக்கொண்டது. மஞ்சள் துரு நோய் புது வடிவெடுத்து வந்தபோது, அந்த ரகம் தன் காவலை இழந்தது. புதிய ரகங்களைத் தேடி ஓட வேண்டியதாயிற்று.

நம் நீலகிரிக்கும் இதில் பங்கு உண்டு. வடநாட்டுச் சமவெளியின் கடுங்கோடையில் மடிந்துபோகும் கருந்துரு நோயின் வித்துகள், நீலகிரி, பழனி மலைகளின் குளிரில் ஆண்டு முழுவதும் உயிர் தாங்கியிருந்து, காற்றில் ஏறி வடக்கே போகின்றன என்று கண்டார்கள். அதனால்தான் நோய் தாங்கும் கோதுமையைச் சோதிக்க, வெலிங்டனில் ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. தெற்கே மலையில் கிளம்புகிற நோய் வடக்கே ரொட்டியைத் தொடுகிறது. சோற்றுக்கும் ரொட்டிக்கும் பகை மூட்டுவோர் இதைக் கவனிப்பார்களாக!

ஆகவே, வயலில் எத்தனை மூட்டை விளைந்தது என்று அளப்பது மட்டும் போதாது. வயலில் உள்ள செடிகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபட்டவை என்பதையும் அளக்க வேண்டும். இதை மரபணு வேற்றுமையை அளத்தல் என்கிறார்கள். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். கூலிக் கணக்குப் பார்க்கத் தெரிந்த எந்தத் தொழிலாளிக்கும் புரியும் கணக்கு இது.

ஒவ்வொரு செடியின் உயிரணுவிலும் நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட ஒரு நீண்ட ஏடு இருக்கிறது. அந்த ஏட்டில் குறிப்பிட்ட ஓரிடத்தை எடுத்துக் கொள்வோம். ஒரு பெரிய வயலில் பாதிச் செடிகளில் அந்த இடத்தில் ‘அ’ என்றும், மறுபாதியில் ‘ஆ’ என்றும் இருப்பதாக வைத்துக் கொள்வோம். கண்ணைக் கட்டிக்கொண்டு இரண்டு செடிகளைப் பிடுங்கினால், அவை இரண்டும் வேறு வேறாக இருப்பது 100-க்கு 50 முறை. நூற்றில் 90 செடி ‘அ’, 10 செடி மட்டும் ‘ஆ’ என்றால், வேறுபாடு 100-க்கு 18 முறையாகக் குறைந்துவிடும். எல்லாமே ‘அ’ என்றால் வேறுபாடு பூஜ்யம். இப்படி ஏட்டின் பல்லாயிரம் இடங்களில் பார்த்துச் சராசரி எடுத்தால், அதுவே அந்த வயலின் வேற்றுமைக் கணக்கு. பூஜ்யத்தை நெருங்க நெருங்க ஆபத்து நெருங்குகிறது என்று பொருள்.

முன்னெல்லாம் செடியின் உயரம், கதிரின் நீளம், அரிசியின் நிறம், பூக்கும் நாள் ஆகியவற்றைப் பார்த்தே இதைக் கணித்தார்கள். அது இன்றும் தேவையே. ஆனால் கண் ஏமாறும். ஒரே நெல்லுக்கு நாலு ஊரில் நாலு பெயர் இருக்கும். ஒரே பெயரில் நாலு நெல்லும் இருக்கும். கடையில் பத்து ரகம் இருப்பதைக் கண்டு, பத்து விதமான காவல் இருக்கிறது என்று நம்பிவிடலாகாது. பத்தும் ஒரே தகப்பன் பிள்ளைகளாக இருக்கலாம். இன்றைய குட்டை நெல்களில் பெரும்பாலானவற்றுக்குக் குட்டைத்தன்மை தந்தது ஒரே மரபணுதான்! இதை ஏட்டைப் படித்துத்தான் அறிய முடியும். 89 நாடுகளைச் சேர்ந்த 3,010 நெல் வகைகளின் ஏடுகளைப் படித்து, 2018-ல் வெளியிட்டார்கள். 2 கோடியே 90 லட்சம் இடங்களில் எழுத்து மாறியிருப்பதைக் கண்டார்கள். கோதுமையின் ஏடு நெல்லின் ஏட்டைப்போல் ஏறத்தாழ நாற்பது மடங்கு பெரியது. மூன்று புல்லினங்கள் கலந்து பிறந்த பயிர் அது.

1920களிலும் 30களிலும் வாட்கின்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞர், 32 நாடுகளிலிருந்து, இந்தியா உட்பட, உழவர்கள் விதைத்து வந்த கோதுமைகளைத் திரட்டி வைத்தார். அதில் இன்று எஞ்சியிருக்கும் 827 வகைகளின் ஏடுகளையும் படித்து, 2024-ல் முடிவு சொன்னார்கள்: அந்தத் திரட்டில் உள்ள வேற்றுமையில் 40 விழுக்காடுதான் இன்றைய கோதுமை ரகங்களில் காணப்படுகிறதாம். மீதி 60 விழுக்காடு புது ரகங்களுக்குள் வரவே இல்லை. நூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் திரட்டி வைத்ததால் அந்த 60 விழுக்காடு மிஞ்சியது. திரட்டாமல் விட்டவை என்னவாயின?

“இது படித்தவர்கள் விவகாரம், சங்கக் கூட்டத்தில் பேசுவதற்கு வேறு விஷயம் இல்லையா?” என்று கேட்கும் தோழர்களும் உண்டு. அவர்களுக்கு 1966-ஐ நினைவூட்டுகிறோம். மழை பொய்த்தது. அந்த ஓராண்டில் மட்டும் ஒரு கோடி டன் அளவுக்கு வெளிநாட்டுத் தானியம் கப்பலில் வந்தது. கப்பல் வந்தால் அடுப்பு, வராவிட்டால் பட்டினி என்ற நிலை. அடுத்த ஆண்டு, 1967-ல், நம் மாநிலத் தேர்தல் மேடைகளில் படி அரிசியே பேச்சாக இருந்தது. பண்டம் தட்டுப்பட்டால் முதலில் காய்வது பண்ணையார் வயிறு அல்ல, பாட்டாளி வயிறு. விளைச்சல் விழுந்தால் விலை ஏறும். விலை ஏறினால் கூலி தானாகக் குறைந்ததாகப் பொருள். அதனால்தான் சொல்கிறோம்: விதையும் கூலிப் பிரச்சினையே.

இன்னொரு சாரார் இருக்கிறார்கள். “பழைய நெல்லெல்லாம் அமுதம், புது நெல்லெல்லாம் நஞ்சு” என்பார்கள். அவர்களுக்கு எதிர்ச்சாரியில் நிற்பவர்கள், “புது ரகம் வந்தபின் பழைய நெல் எதற்கு?” என்பார்கள். இரண்டையும் நாம் ஏற்கவில்லை. பூங்காரும் வாடன் சம்பாவும் மட்டும் கொண்டு இன்றைய மக்கள் தொகைக்குச் சோறு போட முடியாது. ஆனால் பழைய நெல் இல்லாமல் புது நெல்லும் பிறக்காது. கிச்சிலிச் சம்பா இல்லையேல் டி.கே.எம். 6 இல்லை, டி.கே.எம். 6 இல்லையேல் ஐ.ஆர். 20 இல்லை. நெல்லைக் குட்டையாக்கி வளர்ச்சியைத் தடுக்கும் ஒரு நச்சுயிரி நோய்க்கு மருந்து தேடி, சர்வதேச நிலையத்தார் 6,000-க்கு மேற்பட்ட வகைகளைச் சோதித்தார்கள். தாங்கியது ஒன்றே ஒன்று: உத்தரப் பிரதேசத்தில் எடுத்த ஒரு காட்டு நெல். களை என்று பிடுங்கி எறியப்படும் புல்! அது அன்று கிடங்கில் இல்லாதிருந்தால்?

எனவேதான், திருத்துறைப்பூண்டிப் பகுதியில் நெல் இரா. ஜெயராமன் 174 பாரம்பரிய நெல் வகைகளைத் தேடித் திரட்டி, ஆண்டுதோறும் விதைத் திருவிழா நடத்தி, உழவர்க்கு வழங்கினாரே, அந்தப் பணியை நாம் மதிக்கிறோம். 2018-ல் அவர் மறைந்தார். ஒரு தனி மனிதர் தோளில் சுமந்த பாரத்தைச் சர்க்கார் சுமக்க வேண்டாமா?

அடுத்தது, உடைமைக் கேள்வி. இந்தச் செல்வம் யாருக்குச் சொந்தம்? டாக்டர் ரிச்சாரியா என்ற அறிஞர் மத்தியப் பிரதேச உழவர்களிடமிருந்து ஏறத்தாழ 19,000 நெல் வகைகளைத் திரட்டினார். அந்தத் திரட்டு ராய்ப்பூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் இருந்தது. 2002-ல் சின்ஜென்டா என்ற வெளிநாட்டுக் கம்பெனி அந்தப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் செய்ய முனைந்தது. செய்தி வெளியே வந்தது, உழவர்கள் கிளர்ந்தார்கள், கம்பெனி பின்வாங்கியது. 2001-ல் நிறைவேறிய பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, தன் வயலில் விளைந்த விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், பரிமாறவும், முத்திரைப் பெயர் இடாமல் விற்கவும் உழவருக்கு உரிமை தருகிறது. அப்படி இருந்தும் 2019-ல் குஜராத் உருளைக்கிழங்கு உழவர்கள்மீது பெப்சி கம்பெனி வழக்குப் போட்டது. நாடு கொதித்த பிறகே திரும்பப் பெற்றது. சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது, காவலுக்கு மக்கள் இருக்க வேண்டும் என்பதற்கு இவ்விரண்டும் சாட்சி.

அளக்கும் வேலையிலும் இதே எச்சரிக்கை தேவை. ஏட்டைப் படித்து அறிந்த செய்தி பொதுச் சொத்தாக இருந்தால், திரூரும் கோவையும் அதைக் கொண்டு நல்ல நெல் படைக்கும். அதே செய்தி கம்பெனியின் இரும்புப் பெட்டிக்குள் போனால், நம் நெல்லின் அருமை நமக்கே விலைக்கு வரும். அளவுகோல் கெட்டதல்ல, அது யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி.

உழைப்பையும் மறக்கலாகாது. ஒரு நெல்லை இன்னொன்றோடு சேர்ப்பது எப்படி? மிகச் சிறிய நெற்பூவின் உமியைக் கத்தரித்து, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் ஒவ்வொன்றாக நீக்கி, வேறு நெல்லின் மகரந்தத்தை அதன்மேல் தூவி, உறையிட்டுக் காக்க வேண்டும். பிறகு தலைமுறை தலைமுறையாக விதைத்து, ஆயிரக்கணக்கில் கழித்து, ஒன்றைத் தேற வேண்டும். குளிர் அறையில் பூட்டிய விதையும் என்றென்றும் உயிரோடு இராது. அவ்வப்போது முளைப்புத்திறன் பார்த்து, வயலில் விதைத்துப் புதுப்பிக்க வேண்டும். இதில் விஞ்ஞானியின் கண்ணும் உண்டு. நாற்று நட்டு, களை பறித்து, வரிசை மாறாமல் கதிர் அறுக்கும் பண்ணைத் தொழிலாளியின் கையும் உண்டு. ஒரு கட்டு இடம் மாறினால் பல ஆண்டு உழைப்பு பாழ். அந்தக் கைக்கு நிரந்தர வேலையும் நியாயமான கூலியும் வேண்டும் என்பதைச் சேர்த்தே சொல்கிறோம்.

நாம் கேட்பது நான்கு. முதலாவது, ஒவ்வொரு மாவட்டத்திலும், சொர்ணவாரி, சம்பா, நவரை என்று ஒவ்வொரு பட்டத்திலும், எந்த ரகம் எத்தனை ஏக்கரில் விதைக்கப்படுகிறது, அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருங்கிய உறவு என்பதைச் சர்க்கார் அளந்து, ஆண்டுதோறும் தமிழில் வெளியிட வேண்டும். இரண்டாவது, திரூர் போன்ற பொது ஆராய்ச்சி நிலையங்களுக்கு நிலமும் பணமும் ஆளும் குறைவின்றித் தர வேண்டும். மூன்றாவது, பொதுக் கிடங்கில் உள்ள விதையைப் பற்றிய எந்த ஒப்பந்தமும் சட்டமன்றத்துக்கும் உழவர் அமைப்புகளுக்கும் தெரியாமல் ஆகலாகாது. நான்காவது, நாட்டு நெல்லைக் காத்து வரும் உழவருக்கு, பாராட்டுப் பத்திரம் மட்டுமின்றி, நிலையான உதவித்தொகை வேண்டும்.

சர்க்காரைக் கேட்டுவிட்டு நாம் சும்மா இருந்துவிட முடியுமா? திருவள்ளூர் மாவட்டத்தில் வயல்கள் ஆலையாகின்றன, மனையாகின்றன. ஆலை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதில்தான் நம் தோழர்களின் பிழைப்பு இருக்கிறது. ஆனால் ஒரு வயல் மனையாகும்போது, அங்கே மட்டும் விளைந்த நெல் ஒன்று இருந்தால், அதுவும் சேர்ந்து மண்ணுக்குள் போகிறது. வயலை மீட்க முடியாவிட்டாலும் விதையை மீட்கலாம். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, ஊத்துக்கோட்டை, திருத்தணிப் பக்கத்து ஊர்களிலிருந்து ஆலைக்கு வரும் தோழர்கள், விடுமுறை நாளில் ஊருக்குப் போகும்போது, பெரியவர்களைக் கேளுங்கள். மானாவாரியில் புழுதிக்கால் போட்ட நெல் எது? ஏரி நிரம்பி வழிந்தபோது அழுகாமல் நின்ற நெல் எது? பெயரை எழுதிக் கொள்ளுங்கள். குதிரிலோ பானையிலோ ஒரு கைப்பிடி விதை மிஞ்சியிருந்தால், கிடைத்த ஊர், தந்தவர், பட்டம் ஆகியவற்றைத் துண்டுச் சீட்டில் குறித்து, திரூர் நிலையத்தில் ஒப்படையுங்கள். அது புதிய நெல்லா, பழைய நெல்லின் வேறு பெயரா என்பதை அளந்து சொல்வது அவர்கள் வேலை. கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் வேலை.

டி.கே.எம். 6-க்கு முன்னோர் நெல்லைக் காத்த உழவர், பிற்காலத்தில் அது பிலிப்பைன்சுக்குப் போகும் என்று நினைத்துக் காக்கவில்லை. அடுத்த பட்டத்துக்கு விதை வேண்டுமே என்றுதான் காத்தார். அந்த ஒரு கைப்பிடி நெல்தான் நம் உலையில் கொதிக்கிறது. நம் பிள்ளைகள் உலைக்கு எந்த நெல்லை வைத்துவிட்டுப் போகப் போகிறோம்?